போர் ஆவணப்படங்களில் தொலைந்துபோகும் ‘ஆம்’

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன், பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை பார்க்க போன மாதம் வீட்டுக்கு வந்தான். தலைப்பு, ரோமோடு போரிட்ட கார்த்தேஜ் படைத்தலைவர் ஹன்னிபால். கூடத்தில் நின்று கையை நீட்டி, “ஒரே நாளில், ஒரே வெளியில், எழுபதாயிரம் ரோமானியர் மண்ணில் சாய்ந்தனர்!” என்று ஆரம்பித்தான். நல்ல குரல். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. அது நான் எழுதிய வரி.

ஆங்கில ஆவணப்படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது என் தொழில். பதினொரு வருடமாகச் செய்கிறேன். சுறா, எரிமலை, விமான விபத்து என்று எல்லாம் வரும். ஆனால் மனசு ஒட்டி எழுதுவது பழங்காலப் போர்த் தொடர்களைத்தான்.

ஹன்னிபால் ரோமானியரைத் தோற்கடித்த கானே போரைப் பற்றிய அந்த வரி ஆங்கிலத்தில் வேறு மாதிரி இருந்தது. போலிபியஸ் என்ற வரலாற்றாசிரியரின் கணக்குப்படி சுமார் எழுபதாயிரம் பேர் இறந்திருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். நானும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன். ரெக்கார்டிங்கில் குரல் கொடுப்பவர் படித்து முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் தம்பி சொன்னான்: “அக்கா, ரெண்டு செகண்ட் மேல போகுது.” எதை வெட்டுவது? எழுபதாயிரத்தை வெட்ட முடியாது. ரோமானியரை வெட்ட முடியாது. ‘போலிபியஸ் கணக்குப்படி’ போனது, ‘சுமார்’ போனது, ‘இறந்திருக்கலாம்’ என்பது ‘சாய்ந்தனர்’ ஆனது. நாலு செகண்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

தமிழில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ‘சாய்ந்தனராம்.’ ஓர் அசை போதும், இது இன்னொருவர் சொன்னது, என் கண்ணால் கண்டதில்லை என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு நாலைந்து சொல் தேவைப்படும் இடத்தில் நமக்கு ஓர் ‘ஆம்’. அதைச் சேர்த்துக் கேட்டும் பார்த்தேன். பாட்டி கதை மாதிரி இருக்கிறது, பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். கானே போர் நடந்தது கி.மு. 216 ஆகஸ்ட் 2. செத்த ரோமானியர் 70,000 என்பவர் போலிபியஸ். லிவி என்ற ரோமானிய ஆசிரியரைப் படித்தால் ஏறக்குறைய 48,000. இடையில் இருபதாயிரத்துக்கு மேல் உயிர்கள்! போலிபியஸ் அரை நூற்றாண்டு தாண்டி எழுதினார், லிவி இருநூறு ஆண்டு கழித்து.

எண்ணிக்கை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அன்று ரோமானியப் படைக்குத் தலைவர்கள் இரண்டு பேர்: பவுலுஸ், வாரோ. நான் டப்பிங் செய்த எந்தத் தொடரிலும் வாரோ அவசரக்காரன், பவுலுஸ் நிதானமானவர். இந்தச் சித்திரம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போலிபியஸை ஆதரித்து வைத்திருந்த சிபியோ எமிலியானுஸ், அந்தப் பவுலுஸின் சொந்தப் பேரன். ஆதரித்தவரின் தாத்தாவைப் பற்றி எழுதியவர் சொன்னதைத்தான் இரண்டாயிரம் வருடமாகத் திருப்பிச் சொல்கிறோம். அதே வாரோ தோற்றுத் திரும்பியபோது, குடியரசின் மேல் நம்பிக்கை இழக்காததற்காக ரோமில் அவருக்கு நன்றி சொன்னார்கள் என்று லிவி எழுதியிருக்கிறார். பின்னாலும் பொறுப்புகள் கொடுத்தார்கள். இது படத்தில் பெரும்பாலும் வராது.

அலெக்சாந்தர் பாரசீகரை வென்ற காகமேலா போரும் அப்படித்தான். கி.மு. 331. பாரசீகக் காலாட்படை பத்து லட்சம் என்று அர்ரியான் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதினார், போர் முடிந்து நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து. அவர் கதையில் மன்னன் டேரியஸ் முதலில் ஓடுகிறான். ஆனால் பாபிலோனின் வானியல் குறிப்பாளர்கள் அதே காலத்தில் களிமண் பலகையில் எழுதிவைத்த நாட்குறிப்பு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மன்னனை அவன் படைகள்தான் கைவிட்டுத் தத்தம் ஊர்களுக்குப் போயின என்று அதைப் படிக்கிறார்கள். ஓடியவன் யார், ஓட விட்டவர்கள் யார் என்பதே மாறிவிடுகிறது. காதேஷ் போருக்கோ எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேஸ் கோயில் சுவர்களில் தானே வெட்டிவைத்ததுதான் முக்கியச் சான்று. மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய நமக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்புறம் படம். 2004இல் ஹிஸ்டரி சேனலில் வந்த ‘டிசைசிவ் பேட்டில்ஸ்’ தொடரில் கானே, காகமேலா, காதேஷ் எல்லாம் உண்டு. ‘ரோம்: டோட்டல் வார்’ என்ற கணினி விளையாட்டின் மென்பொருளை வைத்தே அதில் படைகளை நகர்த்திக் காட்டினார்கள். புரியவைக்க அருமையான வழி. ஆனால் மேலேயிருந்து கட்டம் கட்டமாகத் தெரியும் அந்தக் காட்சியை அன்று களத்தில் நின்ற ஒருவரும் பார்க்கவில்லை. காற்று புழுதியை வாரி ரோமானியர் முகத்தில் அடித்ததாக லிவி சொல்கிறார். முன்னால் நிற்பவன் முதுகு தெரிந்திருந்தாலே பெரிது.

பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். வல்லுநர் பேசும்போது தமிழ்க் குரலுக்கு அடியில் ஆங்கிலம் மெல்லக் கேட்கும். அதில் ‘பெர்ஹாப்ஸ்’, ‘ப்ராபப்ளி’ விழுந்து, தமிழில் ‘ஒருவேளை’ வராமல் போனால் அங்கே வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மொழி மாற்றும் பட்டன் இருந்தால் பெரிய எண் வரும் இடத்தில் ஒரு தடவை ஆங்கிலத்துக்குப் போய் வாருங்கள். யார் சொன்னது, எத்தனை வருடம் கழித்து என்று கேளுங்கள். படம் பதில் சொல்லாவிட்டால் ‘ஆம்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பையனிடம் வருகிறேன். வரி என்னுடையது என்று சொல்லி, இரண்டு கணக்கையும் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஹன்னிபால் பக்கத்துலேர்ந்து யாருமே எழுதலையா ஆன்ட்டி?” என்றான். எழுதினார்கள். அவரோடு கூடவே இருந்த சோசிலுஸ், சிலேனுஸ் என்ற இரண்டு கிரேக்கர்கள். அந்த நூல்கள் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் இத்தாலியின் தென்கோடியில், லசினியம் முனையில் இருந்த ஹேரா கோயிலில் ஹன்னிபால் ஒரு வெண்கலப் பட்டயம் வைத்தார். அதை நேரில் பார்த்ததாகப் போலிபியஸே சொல்கிறார். ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்தபோது கூட இருந்தவர்கள் 20,000 காலாட்கள், 6,000 குதிரை வீரர்கள். இந்தக் கணக்கு அந்தப் பட்டயத்தில் ஹன்னிபாலே கொடுத்தது. பட்டயம் இன்று இல்லை, கோயிலில் ஒரே ஒரு தூண்தான் நிற்கிறது.

போனில் அந்தத் தூணின் படத்தை எடுத்துக் காட்டினேன். பேச்சை அவன் அந்தத் தூணிலிருந்து மாற்றி எழுதிவிட்டான். இரண்டு ஆசிரியர் பெயரும் இரண்டு எண்ணும் சேர்ந்ததில் பதினைந்து செகண்ட் நீண்டுவிட்டது. ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையில் ஏற்றிய யானைகளில் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.