அமிலம் செதுக்கிய தந்தம்

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரத்தில் தாமஸ் வெப் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880களில் செய்த சில ஜாடிகளைப் பார்த்தால், பழைய சீனத் தந்தச் சிற்பம் என்றே சொல்லிவிடுவோம். மழமழவென்ற இதழ் விளிம்புகள், பள்ளங்களில் பழுப்பு. அத்தனையும் கண்ணாடி!

இந்த ஜாடிகள் பிறந்தது கேமியோ என்ற கண்ணாடி வேலையிலிருந்து. அதில் ஒரு நிறக் கண்ணாடி மேல் இன்னொரு நிறத்தைப் போர்த்துவார்கள். பிறகு மேலடுக்கில் உருவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குவார்கள். சீனாவில் காங்சி பேரரசர் 1696-இல் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையை நிறுவினார். சீனக் கைவினைஞர்கள் பால்வெள்ளை மேல் சிவப்பையோ நீலத்தையோ போர்த்தி, ஜேட் கல்லைப் போலவே சுழலும் சக்கரத்தில் இழைத்தார்கள். ஆங்கிலேயர் பெரும்பாலும் அடர்நிறத்தின் மேல் வெள்ளையைப் போர்த்தினார்கள். வெள்ளை மெலிய மெலிய அடிநிறம் தெரியும். நிழலுக்குத் தனி வண்ணமே வேண்டாம்.

சிக்கல் சூளையில்தான் தொடங்குகிறது. இரண்டு கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். போர்ட்லண்ட் ஜாடி என்ற பழைய ரோமானியக் கேமியோ ஜாடியின் நகலை ஆங்கிலேயக் கண்ணாடிக் கலைஞர் ஜான் நார்த்வுட் மூன்று ஆண்டு செதுக்கி 1876-இல் முடித்தார். வேலை நடக்கும்போதே அதில் விரிசல் விழுந்தது. அத்தனை உழைப்பையும் பணயம் வைத்துச் செய்த தொழில் இது.

வேலையைச் சுருக்கியது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். மற்ற அமிலங்களைக் கண்ணாடிப் புட்டியிலேயே வைக்கலாம். இது கண்ணாடியையே தின்னும். அதிலுள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து, அதைக் கரைத்துவிடும். அதனால் உருவத்தின் மேல் அமிலம் தாங்கும் பூச்சைப் பூசி ஜாடியை அமிலத்தில் இறக்குவார்கள். பூச்சில்லாத இடம் கரையும். ஆனால் அமிலம் கீழே மட்டும் போகாது, பூச்சுக்கு அடியில் பக்கவாட்டிலும் அரிக்கும். நுணுக்கமான கோடுகளுக்கு எஃகு உளியும் சக்கரமும்தான். தோலில் பட்டால் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும் அமிலம் இது. அழகான ஜாடிகளைப் பார்க்கும்போது அந்தத் தொழிலாளர்களையும் நினைக்கத்தான் வேண்டும்.

சரி, தந்தம் எப்படி வந்தது? ஒளி ஊடுருவாத தந்த நிறக் கண்ணாடியில் ஆழமில்லாமல் அமிலத்தால் உருவத்தை எழுப்புவார்கள். அப்புறம் பழுப்புச் சாயம் பூசுவார்கள். மேடுகளில் நிறம் வெளுத்து, பள்ளங்களில் தங்கும். இரண்டாவது அடுக்கு செய்ய வேண்டியதைச் சாயமே செய்துவிடுகிறது. அசல் யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வரிகள் இருக்கும். இந்த ஜாடிகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த வரிகள் கிடைக்காது.