வாடைக்காலத்துச் சந்தையும் சுண்டெலியின் விந்தகமும்

மார்கழியில் திருகோணமலை மீன் சந்தைக்குப் போனால் ஒரு மாற்றம் தெரியும். வாடைக் காற்று கிளம்பிவிட்டால் கடல் கொந்தளிக்கும். சின்னப் படகுகள் கரையிலேயே கிடக்கும். சூடையும் கீரியும் பாரையும் குவிந்திருந்த மேசைகளில் கந்தளாய்க் குளத்து மீன் பரவிக் கிடக்கும். போன வாடையில் நான் யோசிக்காமல், "என்ன, குளத்து மீன் இப்படிக் கூடிப்போச்சு?" என்று கேட்டுவிட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே சொன்னார்: "அது கூடேல்ல டீச்சர். கடல் மீன் வரேல்ல."

அந்த வாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னிடம் உயர்தர உயிரியல் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் சுண்டெலிகளோடு வேலை செய்கிறாள். ஒரு மரபணுவை நீக்கிய ஆண் எலியின் விந்தகத்தில் மற்ற மரபணுக்களின் இயக்கம் எப்படி மாறியிருக்கிறது என்று ஒரு அட்டவணை அனுப்பியிருந்தாள். "ஆயிரக்கணக்கில மாறியிருக்கு டீச்சர்! இந்த ஒரு மரபணுவா இவ்வளவையும் ஆட்டிவைக்குது?" அட்டவணையைப் பார்க்கப் பார்க்க எனக்கு மீன் வெட்டிய அண்ணனின் குரல்தான் காதில் கேட்டது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாடப்புத்தகம் பரம்பரையலகு என்பதைத்தான் இங்கே மரபணு என்கிறேன். அதே புத்தகத்தில் விதை என்று இருப்பது, அதாவது விந்து உண்டாகும் உறுப்பு, செடியின் விதையோடு குழம்பக்கூடாது என்பதற்காக, இங்கே விந்தகம். கலம் என்பது செல், நிறமூர்த்தம் என்பது குரோமோசோம்.

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதை எடுத்துவிட்டு என்ன கெடுகிறது என்று பார்ப்பதுதான் நேரான வழி. சுண்டெலியில் இதைச் செய்ய வழி கண்டவர்கள் மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஒலிவர் ஸ்மிதிஸ் மூவரும். முளையத்தின் தண்டுக் கலங்களுக்குள் (உடம்பின் எந்தக் கலமாகவும் மாறக்கூடியவை) பழுதாக்கிய மரபணுப் பிரதி ஒன்றை அனுப்புவார்கள். ஏதோ சில கலங்களில் மட்டும் அது நல்ல பிரதியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கலங்களைத் தேடிப் பிடித்து இளம் முளையத்தில் சேர்த்து, பிறக்கும் எலிகளைப் பெருக்கினால் மரபணு நீக்கிய எலி கிடைக்கும். இப்படிப்பட்ட முதல் எலிகள் 1989இல் அறிவிக்கப்பட்டன. 2007இல் மூவருக்கும் நோபல் பரிசு. இப்போது டி.என்.ஏயை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்து வேலை எவ்வளவோ சுருங்கிவிட்டது.

ஆண் எலி மலடாகிவிடும் என்றால் அதை வைத்து இனம் பெருக்க முடியாது. அதனால் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் உள்ள ஆணையும் பெண்ணையும் சேர்ப்பார்கள். குஞ்சுகளில் சராசரியாக நாலில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் பழுதாக இருக்கும். ஒரே தாய், ஒரே கூண்டு, ஒரே தீன். அப்படி வளர்ந்த நல்ல சகோதரனோடுதான் ஒப்பிடுவது.

எதை ஒப்பிடுகிறார்கள்? உடம்பின் எல்லாக் கலங்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏதான். ஈரல் ஈரலாகவும் விந்தகம் விந்தகமாகவும் இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு எவ்வளவு ஆர்.என்.ஏ பிரதி எழுதுகிறது என்பதே. விந்தகத்தை அரைத்து, ஆர்.என்.ஏயைப் பிரித்து, அதிலிருந்து இரண்டு கோடி துண்டுகள் போல வாசித்து, எது எந்த மரபணுவுடையது என்று எண்ணுவார்கள். இதில் ஒன்றை விட்டுவிடக்கூடாது. எண்ணுவது மொத்தத்தை அல்ல, ஒரு கூடையை. கூடை எப்போதும் நிறைந்துதான் இருக்கும். ஒன்று குறைந்தால் அந்த இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

இனி விந்தகம். வகுப்பில் நுணுக்குக்காட்டி வைத்து ஒவ்வொரு வருடமும் இதைக் காட்டுகிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை. சுண்டெலியின் விந்தகம் ஒன்று வெறும் 100 மில்லிகிராம் அளவு. மேலுறையைக் கீறினால் உள்ளே இடியப்பச் சிக்கு மாதிரி சுக்கிலச் சிறுகுழாய்கள். நீட்டிப் பிடித்தால் ஒரு மீற்றருக்கு மேல் போகும். குறுக்கே வெட்டிய துண்டு ஒன்றைப் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். ஒரு வட்டத்தை மட்டும் எடுத்து, வெளிச்சுவரிலிருந்து நடுவுக்குக் கண்ணை மெல்ல நகர்த்துங்கள். சுவரோடு ஒட்டித் தாய்க்கலங்கள். அடுத்த வரிசையில் பெரிய கருவும் நூல் நூலாக நிறமூர்த்தங்களும் கொண்ட கலங்கள். இவை ஒடுக்கற்பிரிவில், அதாவது நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் கலப்பிரிவில், இருப்பவை. அதற்கும் உள்ளே பிரிவை முடித்த சின்ன வட்டக் கலங்கள். நடுவில் தலை கூர்ந்து வால் முளைத்த விந்துகள், சாமரம் மாதிரி தொங்கும். சுவரிலிருந்து நடுவரை நின்று எல்லாக் கலங்களையும் அணைத்துச் சாப்பாடு கொடுப்பவை செர்டோலிக் கலங்கள். வட்டங்களுக்கு வெளியே, இடுக்குகளில், டெஸ்டோஸ்டெரோன் சுரக்கும் லேடிக் கலங்கள்.

அதாவது, சுவரிலிருந்து நடுவுக்குப் போவது இடத்தில் மட்டும் நடக்கும் பயணம் அல்ல, அது காலமும்கூட. சுண்டெலியில் தாய்க்கலம் ஒன்று விந்தாக ஏறக்குறைய 35 நாட்கள். மனிதனில் இரண்டு மாதத்துக்கு மேல். ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு மரபணுக்கள் எழும்பும், அடங்கும். வேறு எந்த உறுப்பிலும் இல்லாத அளவுக்குத் தனக்கே உரிய மரபணுக்களை இயக்கும் உறுப்பு விந்தகம்தான்.

இப்போது அந்தப் பிள்ளையின் எலிக்கு வருவோம். நீக்கிய மரபணு இல்லாததால் ஒடுக்கற்பிரிவின் நடுவிலேயே கலங்கள் நின்று, இறந்துபோகின்றன. வட்டக் கலமும் இல்லை, வால் முளைத்த விந்தும் இல்லை. விந்தகமே சுருங்கிவிட்டது. அப்படிப்பட்ட விந்தகத்தை அரைத்து எண்ணினால் என்ன நடக்கும்?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நல்ல விந்தகத்தில் 100 கலங்கள்: 5 செர்டோலி, 95 விந்து வரிசைக் கலங்கள். நின்றுபோன விந்தகத்தில் அதே 5 செர்டோலி, ஆனால் விந்து வரிசையில் மிஞ்சியது 15தான். மொத்தம் 20. முன்பு நூற்றுக்கு 5 ஆக இருந்த செர்டோலி இப்போது நூற்றுக்கு 25. கலத்துக்குக் கலம் ஆர்.என்.ஏ அளவு ஒன்றே என்று கொண்டால், இரண்டு கோடி துண்டில் செர்டோலியின் பங்கு 10 இலட்சத்திலிருந்து 50 இலட்சமாகிறது. அட்டவணை "செர்டோலி மரபணுக்கள் ஐந்து மடங்கு கூடின" என்று சொல்லும். ஒரு செர்டோலிக் கலத்திலும் ஒன்றும் மாறவில்லை. விந்தின் வாலுக்கும் தலைக்கும் உரிய மரபணுக்கள் எல்லாம் "குறைந்தன" என்றும் அதே அட்டவணை சொல்லும். அவற்றை யாரும் அடக்கவில்லை. அவற்றை எழுதவேண்டிய கலங்கள் பிறக்கவே இல்லை. கூடியது குளத்து மீன், வராதது கடல் மீன்.

இது சின்னத் தவறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. குறைந்தவற்றையெல்லாம் ஒரு மரபணுவின் கைவரிசை என்று எழுதினால், அடுத்தவர் அதை நம்பித் தன் வருடங்களைச் செலவழிப்பார்.

அப்படியென்றால் உண்மையான மாற்றத்தைப் பிடிப்பது எப்படி? எனக்கு மிகப் பிடித்த வழி, இயற்கையே வைத்திருக்கும் நாட்காட்டி. பிறந்த எலிக்குஞ்சின் விந்தகத்தில் விந்து வரிசை தொடங்கவே இல்லை. முதல் அலை எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒன்றாகக் கிளம்பும். பத்தாம் நாள் அளவில் ஒடுக்கற்பிரிவுக்குள் நுழையும். பதினாலாம் நாள் அளவில் நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து நிற்கும் படி. இருபதாம் நாள் அளவில் முதல் வட்டக் கலங்கள். ஆகவே பதினாலாம் நாளுக்குப் பிறகு கலங்கள் சாகும் எலி என்றால், பன்னிரண்டாம் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். அப்போது பழுதான குஞ்சுக்கும் நல்ல குஞ்சுக்கும் கலங்கள் ஏறக்குறைய ஒன்றே. அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் அது பேசத் தகுந்த வித்தியாசம்.

இன்னொரு வழி, வேறு காரணத்தால் அதே படியில் நின்ற எலியோடு ஒப்பிடுவது. ஸ்போ11 என்ற மரபணு ஒடுக்கற்பிரிவின் தொடக்கத்தில் டி.என்.ஏயை வேண்டுமென்றே வெட்டும் புரதத்தைத் தருகிறது. அந்த வெட்டுகளை வைத்துத்தான் நிறமூர்த்தங்கள் தம் சோடியைத் தேடிக்கொள்கின்றன. ஸ்போ11 இல்லாத எலியிலும் கலங்கள் நடுவழியில் சாகும். இரண்டு எலியிலும் ஒரே மாதிரிக் குறைந்தவை நின்றுபோனதன் விளைவு. ஒன்றில் மட்டும் மாறியவை மேலும் ஆராய வேண்டியவை. அப்புறம், இன்று ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே வாசிக்கவும் முடிகிறது. மீனைக் கூடையில் கொட்டிவிட்டு எண்ணாமல், வகை பிரித்து வைத்து எண்ணுவது போல.

உண்மையாகவே கூடும் மரபணுக்களும் உண்டு. ஒடுக்கற்பிரிவின் நடுவில் எக்ஸ், வை நிறமூர்த்தங்கள் இரண்டும் கருவின் ஓரத்தில் சுருண்டு, வாய் மூடிக்கொள்ளும். அவற்றிலுள்ள மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாம் மௌனம். சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கத் தேவையான பிஜிகே1 மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில்தான் இருக்கிறது. அது மூடியிருக்கும்போது கலம் என்ன செய்யும்? எப்போதோ ஒரு காலத்தில் பிஜிகே1இன் ஆர்.என்.ஏ பிரதி ஒன்று திரும்ப டி.என்.ஏயாக மாறி வேறொரு நிறமூர்த்தத்தில் ஒட்டிக்கொண்டது. பிஜிகே2 என்று பெயர். விந்தகத்தில் மட்டும் வேலை செய்கிறது. பெரிய கடை பூட்டியிருக்கும் நாளுக்கென்றே ஒரு சின்னக் கடை. மௌனம் கலைந்துபோகும் எலிகளில் வை நிறமூர்த்தத்தின் சில மரபணுக்கள் வெளியே கசிந்து, அதுவே கலத்தைக் கொன்றுவிடுகிறது. இங்கே "கூடியது" என்று அட்டவணை சொன்னால் நம்பலாம்.

க்ரெம் என்ற மரபணுவின் கதையும் சொல்லவேண்டும். அதன் புரதம் மற்ற மரபணுக்களை எழுப்பிவிடும் சுவிட்ச். 1996இல் இதை நீக்கிப் பார்த்தபோது, ஒடுக்கற்பிரிவு ஒழுங்காக முடிந்தது, வட்டக் கலங்களும் வந்தன. அதற்கு மேல் நகரவில்லை. டி.என்.ஏயை இறுக்கிக் கட்டும் புரோட்டமின்களின் ஆர்.என்.ஏ இல்லை. சரி, இதுவும் கடல் மீன் வராத கதைதானா? புரோட்டமினை எழுதும் வயதுக்கு முன்பே கலம் நின்றுவிட்டதே. அந்தச் சந்தேகம் நியாயமானது. புரோட்டமின் மரபணுவின் தொடக்கப் பகுதியில் க்ரெம் நேரே போய் ஒட்டுகிறது என்பதும் சேர்ந்தால்தான் சுவிட்ச் என்ற பேச்சு உறுதியாகும்.

புரோட்டமினில் இன்னொரு அழகும் உண்டு. விந்தின் தலை இறுகிவிட்டால் எந்த மரபணுவும் பிரதி எழுத முடியாது. அதனால் வட்டக் கலமாக இருக்கும்போதே புரோட்டமினின் ஆர்.என்.ஏயை எழுதி, ஒரு வாரம் வரை அப்படியே வைத்திருந்து, தேவையான நாளில்தான் புரதமாக்குகிறது. வாடைக்கு முன்பே மீனைப் பிளந்து, உப்பிட்டு, கருவாடாக்கி வைப்பவர்கள் எங்கள் ஊரில் இதைச் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள்.

க்ரெம் இல்லாத எலிகளில் டெஸ்டோஸ்டெரோன் அளவு குறையவில்லை. இதை நான் வகுப்பில் இரண்டு தடவை சொல்வேன். விந்து வரும் வரிசை வேறு, ஓமோன் சுரக்கும் கலம் வேறு. எங்கள் திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டையில் திரியும் ஆண் மானின் கொம்பு முற்றுவது லேடிக் கலங்களின் தயவில். குழாய்க்குள் விந்து இருக்கிறதா என்று அந்தக் கொம்பு சொல்லாது. என் சொந்தத்தில் ஒரு அக்கா ஏழு வருடம் நேர்த்தி வைத்து, விரதம் இருந்து, மருந்து குடித்து, பேச்சும் வாங்கினார். கணவர் ஆரோக்கியமாக, மீசையும் குரலுமாக இருந்ததால் அவரைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது.

எலி சொல்வது மனிதனுக்கும் பொருந்துமா என்றால், சில இடங்களில் நேராகவே பொருந்துகிறது. எலியின் ஒடுக்கற்பிரிவுக்குத் தேவையான டெக்ஸ்11 என்ற மரபணு, விந்தே இல்லாத சில ஆண்களிலும் பழுதாகியிருப்பது 2015இல் தெரியவந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு: விந்தகத்தில் தனித்து ஒளிரும் 54 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், அந்த ஆண் எலிகள் எல்லாம் தகப்பனாகின. ஒரு மரபணு அங்கே உரக்கப் பேசுகிறது என்பதால் மட்டும் அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிடாது.

இதையெல்லாம் நீளமாகப் பதில் எழுதி அனுப்பினேன், சந்தைக் கதையும் சேர்த்து. அட்டவணையில் மேலே நின்ற பெயர்களைச் செர்டோலி, லேடிக் என்று வண்ணம் பூசிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: ஏறக்குறைய முழுவதும் வண்ணமாகிவிட்டதாம். வளர்ந்த எலியின் விந்தகங்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறாள்.

"குஞ்சுகளுக்கு இன்றைக்கு எட்டு நாள் டீச்சர். இன்னும் நாலு நாள் இருக்கு."