நீர்வாயு அல்ல, நீரகம்

“ஜெனரேட்டருக்குள் நீர்வாயு செலுத்துங்கள், டீசல் செலவு பாதியாகும்!” கல்யாண மண்டபம் நடத்தும் சித்தப்பா நீட்டிய துண்டறிக்கையில் இருந்த வரி இது. பாதி டீசலைவிட அந்த ‘நீர்வாயு’தான் எனக்கு முதலில் உறுத்தியது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. அவர்கள் சொல்ல வந்தது ஹைட்ரஜனை. அவர்கள் விற்கும் கருவி, எஞ்சின் தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை அதே எஞ்சினுக்குள் செலுத்துமாம்.

1766இல் ஆங்கில அறிவியலாளர் கேவண்டிஷ் இதை ‘எரியும் காற்று’ என்ற அளவில் அறிந்திருந்தார். 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் கூட்டாளிகளும் கிரேக்கச் சொற்களைக் கோத்துப் பெயர் வைத்தார்கள்: நீரைப் பிறப்பிப்பது. எரிந்தால் நீராவதால் அந்தப் பெயர். பெயர்க்கதை அவ்வளவுதான்.

‘நீர்வாயு’ இந்த உறவைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஏதோ தண்ணீரே வாயுவாகி எரிவதுபோல ஒலிக்கிறது. தண்ணீர் எரிபொருள் அல்ல. ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை அடுப்பில் போட்டுச் சோறு பொங்க முடியுமா? அதைவிட மோசம், அந்தப் பெயருக்கு வேறு சொந்தக்காரர் இருக்கிறார். பழுக்கக் காய்ந்த கரியின் மேல் நீராவியைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்து வருமே, வேதியியலில் அதுதான் நீர்வாயு. நச்சுக் கலவை. அந்தக் கருவியில் வருவதோ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த கலவை. மொழிபெயர்த்தவர் ஒரு பள்ளிப் புத்தகத்தைப் புரட்டியிருக்கலாம்.

சொல் மயக்கினால் கணக்கும் மயங்கும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்து தரும் ஆற்றல் சுமார் 33 யூனிட். நீரைப் பிரித்து அதே ஒரு கிலோவை எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமும் அதே எஞ்சினின் டீசலில் இருந்துதான் வரவேண்டும். மூலிகை பெட்ரோலைப் பார்த்த ஊர் நம்முடையது, கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

ஹைட்ரஜன் கலப்பதே ஏமாற்று என்று சொல்லவில்லை. அது வேகமாக எரியும். எரிபொருள் குறைவாக, காற்று அதிகமாக இருக்கும் கலவையிலும் தீ அணையாமல் பரவ உதவும். 2020இல் டெல்லியில் 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சிஎன்ஜியில் (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) 50 பேருந்துகளைச் சோதனையாக ஓட்டினார்கள். அங்கே வாயுவை வெளியே தயாரித்து நிரப்பினார்கள், ஓடும் எஞ்சினின் மின்சாரத்தைச் சுரண்டவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நீரகம். நீருக்குள் இருப்பது என்று பொருள் கொண்டால், கிரேக்கத்தோடு ஒட்டாவிட்டாலும் உண்மையோடு ஒட்டும். இலங்கையில் ஐதரசன் என்பார்கள், அதிலும் குழப்பமில்லை. இரண்டும் வேண்டாமென்றால் ஹைட்ரஜன் என்றே எழுதிவிட்டுப் போகலாம். தனித்தமிழ் ஆர்வத்தில் தப்பான பெயரை ஒட்டுவதைவிட அது மேல். அதே துண்டறிக்கையில் ‘எரிபொருள் திறன்’ வேறு. பாடநூலில் திறன் என்றால் வாட்டில் அளப்பது. இங்கே வேண்டியது சிக்கனம்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சித்தப்பா கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும்ப்பா, இதுக்கு கேன் தண்ணி ஊத்தணுமா, போர் தண்ணியே போதுமா?”