‘அம்பயர்ஸ் கால்’: தமிழில் என்ன சொல்வது?

கிரிக்கெட்டில் ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் கொடுப்பது எல்பிடபிள்யூ அவுட். அதைக் கேட்டு ரிவ்யூ போகிறது, அதாவது தீர்ப்பைக் கருவியின் உதவியோடு மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். கள நடுவர் ஏற்கெனவே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். பந்து எங்கே போயிருக்கும் என்று கருவி கணித்துக் காட்டுகிறது. அந்தக் கணிப்பு அவர் தீர்ப்பைத் தள்ளுபடி செய்யும் அளவுக்குத் தெளிவாக இல்லையென்றால், முதலில் சொன்னது எதுவோ அதுவே நிற்கும். இதற்குப் பெயர்தான் ‘அம்பயர்ஸ் கால்’. கருவி இங்கே ‘நடுவர் சொன்னது சரி’ என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. ‘இது தப்பு என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது’ என்று மட்டுமே சொல்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால், இந்தச் சொல்லை வைத்து நடக்கும் சண்டைகளில் பாதி எழாது.

முதலில் ‘அம்பயர்’ என்ற சொல். பழைய பிரெஞ்சில் ‘நோன்பெர்’ என்றால் ‘இணை அல்லாதவர்’, அதாவது இரண்டு தரப்பிலும் சேராமல் தனித்து நிற்கும் மூன்றாமவர். அது இடைக்கால ஆங்கிலத்துக்கு ‘நூம்பெர்’ என்று வந்தது. முன்னால் வரும் ‘எ’ என்ற சிறு சொல்லோடு சேர்த்துப் பேசும்போது, முதலில் இருந்த ‘ந்’ ஒலியை அந்தச் சிறு சொல்லின் பகுதியாகக் காது எடுத்துக்கொண்டது. ‘ந்’ கழன்றுபோக, மிஞ்சியது ‘அம்பயர்’. தமிழின் ‘நடுவர்’ அதே கருத்தை வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது: எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பவர். இலங்கைத் தமிழ் இதழ்களில் ‘மத்தியஸ்தர்’ என்பதும் வழக்கில் உண்டு. இந்தச் சொல்லுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை.

சிக்கல் ‘கால்’ என்ற பாதியில்தான். செய்திகளில் ‘நடுவரின் அழைப்பு’ என்று வருவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. நடுவர் யாரையும் அழைக்கவில்லை. நோபால், வைடு என்று நடுவர் குரல் கொடுத்து அறிவிப்பதற்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான். அதிலிருந்து அது நடுவர் எடுக்கும் எந்த முடிவுக்கும் பெயராயிற்று. ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டாலும் இடறுகிறது. பேட்ஸ்மேனின் காலில் பந்து பட்டதா என்று பேசிக்கொண்டிருக்கும்போது ‘அம்பயர்ஸ் கால்’ என்று எழுதினால், ஆட்டத்துக்குப் புதியவர் அதை எந்தக் கால் என்று எடுத்துக்கொள்வார்?

‘நடுவர் முடிவு’ பரவாயில்லை, ஆனால் போதாது. ஒரு சர்வதேச ஆட்டத்தில் களத்தில் இருவர், திரைக்கு முன் மூன்றாம் நடுவர், ஒழுங்கைக் கவனிக்கப் போட்டி நடுவர் என்று பலர் இருக்கிறார்கள். ரிவ்யூவில் கடைசியாக முடிவை அறிவிப்பது மூன்றாம் நடுவர்தான். அப்போது ‘நடுவர் முடிவு’ என்றால் அவருடைய முடிவு என்றே படும், பொருள் தலைகீழாகிவிடும். ஆகவே ‘கள நடுவர்’ என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். அதோடு, இது புதிதாக எடுக்கும் முடிவல்ல, முன்பே சொன்னது அசையாமல் இருப்பது என்பதும் தெரிய வேண்டும். ‘கள நடுவர் தீர்ப்பு’ என்று பெயராகவும், ‘கள நடுவர் தீர்ப்பு நிலைக்கிறது’ என்று வாக்கியமாகவும் சொல்வதே பொருந்தும். ‘மறுபரிசீலனை’ என்று நாம் எழுதும் ரிவ்யூவுக்கும் ‘மேல்முறையீடு’ பொருத்தமான சொல். பந்துவீச்சாளர் ‘ஹவ்ஸ் தட்’ என்று கேட்பது முறையீடு. ரிவ்யூ அதற்கு மேலே போவது. கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பு தவறென்று காட்டும் பொறுப்பு மேல்முறையீடு செய்பவருடையது. டிஆர்எஸ் எனப்படும் இந்த ரிவ்யூ முறையும் அந்த ஏற்பாட்டில்தான் இயங்குகிறது.

இனி அளவுகள். மூன்று ஸ்டம்புகளும் சேர்ந்த அகலம் 9 அங்குலம், அதாவது 22.86 செ.மீ. ஆண்கள் ஆட்டப் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. வரை, விட்டம் ஏறத்தாழ 7.2 செ.மீ., அதில் பாதி 3.6. மூன்றாம் நடுவர் பார்ப்பது பந்தின் மையப்புள்ளி எங்கே என்பதை. மையம் ஸ்டம்புகளின் எல்லைக்குள் இருந்தால் ‘ஹிட்டிங்’. பந்து ஸ்டம்பைத் தொடுகிறது, ஆனால் மையம் எல்லைக்கு வெளியே என்றால் கள நடுவர் தீர்ப்பு. தொடவே இல்லை என்றால் ‘மிஸ்ஸிங்’. கணக்குப் போட்டால், மையப்புள்ளி சுமார் 30 செ.மீ. அகலத்துக்குள் எங்கே போனாலும் பந்து ஸ்டம்பைத் தொடும். அதில் நடுவே உள்ள 23 செ.மீ. உறுதியான பகுதி. இரு ஓரத்திலும் 3.6 செ.மீ. கள நடுவருக்கு உரியது. உயரத்திலும் ஸ்டம்பின் உச்சிக்கு மேலே இதேபோல ஒரு பட்டை உண்டு.

‘பாதிப் பந்து’ என்று வர்ணனையில் சொல்வது இதைத்தான். பலர் இதை ஐம்பது சதவீத வாய்ப்பு என்று புரிந்துகொள்கிறார்கள். அது வாய்ப்பின் அளவல்ல, பந்தின் அளவு. ‘நாற்பது சதவீதம் ஸ்டம்பில் படுகிறது’ என்றால், பட நாற்பது சதவீத வாய்ப்பு என்று பொருளல்ல. பந்தின் நாற்பது சதவீதப் பகுதி ஸ்டம்பின் மேல் விழுகிறது என்று பொருள்.

பார்க்கப்படும் கட்டங்கள் மூன்று: பந்து குத்திய இடம், காலில் பட்ட இடம், ஸ்டம்ப். முதல் கட்டத்தில் கள நடுவர் தீர்ப்புக்கு இடமே இல்லை. குத்திய இடம் கேமராவில் பதிவான உண்மை. மையம் லெக் ஸ்டம்ப் (பேட்ஸ்மேனின் கால் பக்க ஸ்டம்ப்) கோட்டுக்கு வெளியே என்றால் நாட் அவுட், பேச்சு முடிந்தது. பட்ட இடத்திலும் ஸ்டம்பிலும் அந்தச் சலுகை உண்டு. அவுட் கொடுத்தபின் பேட்ஸ்மேன் ரிவ்யூ எடுத்தால், பட்ட இடம், ஸ்டம்ப் இரண்டுமே ஓரமாக வந்தாலும் அவர் வெளியேற வேண்டியதுதான். நாட் அவுட்டை மாற்ற வேண்டுமென்றால், ஓர் இடத்தில்கூட ஓரம் இருக்கக் கூடாது.

ஓரத்தை ஏன் கருவியிடமே விடவில்லை? காலில் படும் வரை பந்தின் பாதை கண்ணால் கண்டது. பட்டபின் காட்டப்படுவது கணிப்பு. குத்திய பிறகு பந்து கொஞ்ச தூரமாவது வந்து காலில் பட்டால்தான், அது எழுந்த உயரத்தையும் திரும்பிய கோணத்தையும் கணக்கிடப் போதிய படங்கள் கிடைக்கும். யார்க்கர் போலக் குத்தியவுடனே காலில் பட்டால் கையில் இருப்பது ஓரிரு படங்கள்தான். பேட்ஸ்மேன் இறங்கி வந்து ஆடினால் கணிக்க வேண்டிய தூரம் கூடுகிறது. தொடக்கத்தில் உள்ள சின்னப் பிழை ஸ்டம்பை எட்டும்போது பெரிதாகிவிடும். 2011 உலகக் கோப்பையில், பெங்களூரில் இந்தியாவும் இங்கிலாந்தும் தலா 338 எடுத்துச் சமன் செய்த ஆட்டத்தில், இங்கிலாந்தின் இயன் பெல் நாட் அவுட்டாக நின்றது இந்தக் காரணத்தால்தான். பந்து பட்ட இடம் ஸ்டம்பிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் இருந்ததால், படத்தில் பந்து ஸ்டம்பில் பட்டும் தீர்ப்பு மாறவில்லை. அன்று அரங்கமே கொதித்தது. தூரம் கூடினால் கணிப்பின் நம்பகம் குறையும் என்று யாராவது நிதானமாக எடுத்துச் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் தணிந்திருக்கும்.

சேப்பாக்கத்தில் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2023 அக்டோபர் 27, உலகக் கோப்பையில் பாகிஸ்தானும் தென்னாப்பிரிக்காவும். கடைசி விக்கெட் ஜோடி ஆடிக்கொண்டிருக்க, ஹாரிஸ் ரவூப் வீசிய பந்து தப்ரைஸ் ஷம்சியின் காலில் பட்டது. கள நடுவர் நாட் அவுட் என்றார். பாகிஸ்தான் ரிவ்யூ எடுத்தது. பந்து லெக் ஸ்டம்பை உரசிச் செல்வதாகப் படம் காட்டியது. கள நடுவர் தீர்ப்பு நிலைத்தது. தென்னாப்பிரிக்கா ஒரு விக்கெட்டில் வென்றது. மோசமான நடுவர் தீர்ப்பும் மோசமான விதிகளும் பாகிஸ்தானைத் தோற்கடித்துவிட்டன என்று ஹர்பஜன் சிங் எழுதினார். அதே ஆட்டத்தில் அதற்கு முன்னால் பாகிஸ்தானின் உசாமா மிர் பந்தில் தென்னாப்பிரிக்காவின் ராஸி வான் டெர் டுசன் அவுட் கொடுக்கப்பட்டு, ரிவ்யூவிலும் கள நடுவர் தீர்ப்பாலேயே வெளியேறியிருந்தார். அவருக்கும் அதே மனக்குறை இருக்காதா என்று தென்னாப்பிரிக்காவின் முன்னாள் கேப்டன் கிரேம் ஸ்மித் திருப்பிக் கேட்டார். ஒரே மைதானம், ஒரே நாள், ஒரே விதி. ஒன்று பாகிஸ்தானுக்குச் சாதகம், மற்றொன்று பாதகம். எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே விதியைத் திட்ட வேண்டும்.

எதிர்ப்பை ரசிகர்களின் ஆத்திரம் என்று மட்டும் ஒதுக்க முடியாது. பந்து ஸ்டம்பில் பட்டால் அவுட், படாவிட்டால் நாட் அவுட், இடையில் எதற்குக் குழப்பம் என்று 2021இல் விராட் கோலி கேட்டார். 2024 ராஜ்கோட் டெஸ்டுக்குப் பிறகு, இதை நீக்கிவிட வேண்டும் என்று அப்போதைய இங்கிலாந்து கேப்டன் பென் ஸ்டோக்ஸ் சொன்னார். நியாயமான கேள்விதான். ஆனால் நீக்கினால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். ‘தொட்டாலே அவுட்’ என்றால், ரிவ்யூவில் 3.6 செ.மீ. பட்டைகள் எல்லாமே பந்துவீச்சாளருக்குப் போகும். சுழல் எடுக்கும் ஆடுகளத்தில் காலை முன்னே நீட்டித் தடுத்தாடுபவர்தான் முதலில் அடிவாங்குவார். கணிப்பில் பிழை இருக்கும் அந்த ஓரத்திலேயே கணிப்பை முழுதாக நம்புவதும் ஆகும். விதி இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கெட்டது விதியல்ல, அதை விளக்காமல் வண்ணப் படத்தை மட்டும் காட்டும் ஒளிபரப்பு.

விதி ஒரே இடத்திலும் நின்றுவிடவில்லை. 2008இல் இலங்கையில் இந்திய அணி ஆடிய டெஸ்ட் தொடரில் ரிவ்யூ சோதிக்கப்பட்டபோது இந்தியக் கேப்டன் அனில் கும்ப்ளே. 2009 நவம்பரில் டனெடினில் நியூசிலாந்து–பாகிஸ்தான் டெஸ்டில் அது முறைப்படி தொடங்கியது. 2016 வரை ‘ஹிட்டிங்’குக்கான எல்லை, ஓர ஸ்டம்புகளின் நடுக்கோடு. அதன் பிறகு வெளிவிளிம்பு. 2017 செப்டம்பர் இறுதியிலிருந்து, கள நடுவர் தீர்ப்பு என்று வந்தால் ரிவ்யூ கையை விட்டுப் போவதில்லை. 2021 மார்ச்சில், அதே கும்ப்ளே தலைமையிலான ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் அமைப்பு) குழு இந்த விதி தொடரட்டும் என்று முடிவு செய்து, மேல்விளிம்பை ஸ்டம்பின் உச்சி வரை உயர்த்தியது. வெளிப்படையான தவறுகளைத் திருத்துவதுதான் ரிவ்யூவின் வேலை, களத்தில் தீர்ப்புச் சொல்பவர் நடுவராகவே இருக்க வேண்டும் என்பது அந்தக் குழு சொன்ன காரணம்.

‘சாஃப்ட் சிக்னல்’ என்பதை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது கேட்ச் சந்தேகத்தில் கள நடுவர் மூன்றாம் நடுவரிடம் கேட்கும்போது தன் எண்ணத்தையும் சேர்த்துச் சொன்னது. ‘முன்குறிப்பு’ என்றால் போதும். 2023 ஜூனில் அது ஒழிக்கப்பட்டுவிட்டது.

ரிவ்யூ கேட்கலாமா என்று முடிவெடுக்கக் கையில் 15 வினாடி. டெஸ்டில் இன்னிங்ஸுக்கு மூன்று, ஒருநாள் ஆட்டத்திலும் டி20யிலும் இரண்டு ரிவ்யூக்கள் தோற்கும் வரை கேட்கலாம். அவுட் வாங்கிய பேட்ஸ்மேன் ‘ஓரமாகத்தானே பட்டிருக்கும்’ என்று ரிவ்யூ எடுப்பதில் பயனில்லை. ஓரமாகப் பட்டாலே அவர் அவுட். முழுதாகத் தவறும் என்றோ, பேட்டில் பட்டது என்றோ நம்பிக்கை இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். பந்துவீசும் அணி பார்க்க வேண்டியது: குத்திய இடம் லெக் ஸ்டம்புக்கு வெளியேயா, பேட்ஸ்மேன் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார், முழங்காலுக்கு மேலே பட்டதா. மூன்றில் ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் நாட் அவுட் பெரும்பாலும் மாறாது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. கேட்ச் என்று அவுட் கொடுக்கிறார் நடுவர். பேட்ஸ்மேன் ரிவ்யூ எடுக்கிறார். பேட்டில் படவில்லை, காலில்தான் பட்டது என்று தெரிகிறது. உடனே எல்பிடபிள்யூ பார்க்கப்படும். முன்பு இந்த இரண்டாவது கேள்விக்கு நாட் அவுட் என்பதே தொடக்கத் தீர்ப்பு. ஓரமாகப் பட்டால் பேட்ஸ்மேன் தப்பிவிடுவார். 2025இல் ஐசிசி இதை மாற்றியது. இப்போது அங்கேயும் தொடக்கத் தீர்ப்பு அவுட்; ஸ்டம்பை உரசினாலே போதும். அதைத் தமிழில் ‘எல்பிடபிள்யூ, கள நடுவர் தீர்ப்பு நிலைக்கிறது, அவுட்’ என்று வர்ணிக்கலாம்.