செம்பனைப் பூவும் அத்தையின் கைவேலையும்

மலேசியாவில் குளுவாங் பக்கத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் என் அத்தை செய்த வேலைக்கு இன்று ஆளே தேவையில்லை. தலையில் துண்டு, கையில் அழுத்தினால் தூள் பீய்ச்சும் குப்பி. மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து, மட்டை முள் கையைக் கீற, மலர்ந்த பெண்பூவைத் தேடித் தேடி ஊதுவார். பூ சில நாள்தான் ஏற்கும் நிலையில் இருக்கும். தவறவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது.

கையால் ஏன் ஊதவேண்டும்? செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் மாறிமாறி வரும். பெரும்பாலும் சேர்ந்து மலராது. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்ததே தவிர, அதன் மகரந்தத்தைச் சுமக்கும் வண்டு வரவில்லை. 1981-இல்தான் கேமரூன் நாட்டுக் கூன்வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அரிசி மணியைவிடச் சிறியது. ஆண்பூவில் தின்று, அங்கேயே முட்டையிடும். பெண்பூ மலரும்போது ஆண்பூவைப் போலவே சோம்பு வாசம் வீசும். வண்டு ஏமாந்து அங்கே நுழையும். உடம்பில் ஒட்டிய மகரந்தம் உதிரும். அவ்வளவுதான்.

குலைகள் பருத்தன. அத்தையின் தோட்டத்தில் ஊதும் வேலை நின்றது. அவரை மருந்தடிக்க அனுப்பினார்கள். கூடிய எண்ணெய்க்குக் கணக்கு இருந்தது. அத்தையின் கைக்கு என்ன ஆனது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

வெளியிலிருந்து ஓர் உயிரியைக் கொண்டுவரும்போது இப்படிப்பட்டவர்களைப் பற்றி எந்த விதியாவது கேட்கிறதா? 2000-இல் ஏற்கப்பட்ட கார்த்தகீனா உயிரிப் பாதுகாப்பு நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம், மரபணு மாற்றிய உயிரிகள் எல்லை தாண்டுவதை ஒழுங்கு செய்கிறது. இந்த வண்டு அதில் அடங்காது. ஆனால் அதன் 26-ஆம் விதி எனக்கு முக்கியமாகப் படுகிறது: பல்லுயிர் வளத்துக்கு நேரும் பாதிப்பால் எழும் சமூக, பொருளாதார விளைவுகளையும் இறக்குமதி முடிவில் கருதலாம் என்கிறது. பழங்குடி, உள்ளூர்ச் சமூகங்களைக் குறிப்பிடும் அந்த விதியில் பெண்கள் என்ற சொல் இல்லை. அப்படிக் கருதுவது நாட்டின் மற்றச் சர்வதேசக் கடமைகளுக்கு முரணாகவும் இருக்கக்கூடாது. உலக வர்த்தக அமைப்பின் சுகாதார, தாவரநல ஒப்பந்தம் கேட்பதோ அறிவியல் வழியிலான ஆபத்து மதிப்பீடு; ஒரு பெண்ணின் கூலி நின்றுபோவது அதற்குள் எளிதில் நுழையாது.

இப்போது அடுத்த மாற்றம். 2013-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும், பழத்தின் ஓட்டுத் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்தார்கள். காய்க்கும்வரை காத்திராமல், நாற்றின் இலைத்துண்டை வைத்தே எண்ணெய் மிகுந்த மெல்லோட்டு மரமா என்று சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்து நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்புபவர்கள் பெண்கள். அந்தச் சோதனை அங்கே வரும்போது இலைத்துண்டு எடுக்க யாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள் என்பதை, கருவியை வாங்குமுன் நாம் கேட்கவேண்டும்.