சாரணர் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன், விவேக்நகர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறுத்தி, சீருடையோடு எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டால் "ஸ்கௌட்ஸ்" என்பார்கள். கன்னடத்திலும் அதையே சொல்கிறார்கள், பள்ளி அறிவிப்பிலும் அதுவே இருக்கிறது. தமிழ் நாளிதழ் வாங்கும் தாத்தா மட்டும் "ஓ, சாரணர் இயக்கமா?" என்பார். அப்போதுதான் பிள்ளைக்கும், பல வீடுகளில் அம்மா அப்பாவுக்கும், இதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது என்றே தெரியவரும். தெரிந்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: இது தமிழ்ச் சொல்தானா?

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ஸ்கௌட் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் லத்தீனில் 'ஆஸ்குல்தாரே', அதாவது காதுகொடுத்துக் கேட்பது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்கும் சோதனைக்கு மருத்துவத்தில் ஆஸ்கல்டேஷன் என்று பெயர். அதுவும் இதே வேர்தான். படை நகருமுன் இருட்டில் முன்னால் போய், எதிரி முகாமில் என்ன சத்தம், எத்தனை குதிரை என்று ஒட்டுக்கேட்டு வந்து சொல்பவன்தான் பழைய ஸ்கௌட். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி பேடன் பவலின் 1899-ஆம் ஆண்டுக் கையேடும் படைவீரர்களுக்கானதே. அதை இங்கிலாந்துச் சிறுவர்கள் விளையாட்டாக எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். 1907 ஆகஸ்டில் பிரௌன்சி தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு அவர் ஒரு முகாம் நடத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டே சிறுவர்களுக்கென்று தனிப் புத்தகம் வந்தது. போர்க்களத்துச் சொல் பிள்ளைகளின் சொல்லானது இப்படித்தான்.

சாரணர் என்பதில் கேட்கும் வேலையே இல்லை. வடமொழியில் 'சர்' என்றால் நகர்வது, திரிவது. சஞ்சாரம், பிரசாரம், பிரம்மச்சாரி, அசைவதும் அசையாததும் சேர்ந்த சராசரம் என்று நாம் புழங்கும் பல சொற்கள் அந்த வேரில் முளைத்தவை. சாரணன் என்றால் ஓரிடத்தில் நில்லாமல் போய்க்கொண்டே இருப்பவன். போகிற இடமெல்லாம் பார்த்து வருபவன் என்பதால் ஒற்றன் என்ற பொருளும் அதற்கு உண்டு. இந்தியில் ஸ்கௌட்டுக்கு 'பால்சர்' என்றொரு சொல் இருக்கிறது: பால் என்றால் சிறுவன், சர் என்றால் திரிபவன். உளவாளிக்கு அங்கே 'குப்தசர்'. எல்லாம் ஒரே குடும்பம்.

பெங்களூர்க்காரர்களுக்கு இந்த வேரைக் காட்ட வடமொழி அகராதியே வேண்டாம். கன்னட நாளிதழில் மலையேற்றச் செய்தி வந்தால் தலைப்பைப் பாருங்கள், 'சாரண' என்றுதான் இருக்கும். ஸ்கந்தகிரிக்கோ சாவனதுர்காவுக்கோ பையை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் கன்னடத்தில் 'சாரணிகரு'. மலை ஏறி நடப்பது அவர்களுக்குச் சாரண. காட்டிலும் மலையிலும் முகாம் போடும் பிள்ளை நமக்குச் சாரணர். ஒரே சொல் பக்கத்துப் பக்கத்து மொழிகளில் இரண்டு வேலைக்குப் போயிருக்கிறது. குழுவில் கன்னடப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்தே இருப்பதால், இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வேர் வடமொழி என்பதால் இது நேற்று வந்த இரவல் என்று நினைத்துவிடக் கூடாது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலேயே சாரணர் வருகிறார்கள். அங்கே அவர்கள் வான்வழியாகச் செல்லும் ஆற்றல் பெற்ற சமண முனிவர்கள். புகாரில், சாரணர் என்றாவது வருவார்கள் என்று எண்ணி உலக நோன்பிகள், அதாவது நோன்பு காக்கும் சமண இல்லறத்தார், எல்லாரும் கூடி ஒளிவிடும் கல் மேடை ஒன்றை அமைத்து வைத்திருக்கிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் கோவலனும் கண்ணகியும் அதை வலம்வந்து தொழுதுவிட்டுப் போகிறார்கள். பிறகு காவிரிக்கரையில், அரங்கத்துச் சோலையில், கவுந்தியடிகளோடு போகும்போது "தருமம் சாற்றும் சாரணர்" நேரிலேயே தோன்றுகிறார்கள். ஊர் ஊராகச் சென்று நல்லது சொல்பவர் என்ற இந்தப் பொருளை நினைத்துக்கொண்டு இன்றைய சாரணப் பிள்ளையைப் பார்த்தால், ஒட்டுக்கேட்பவன் என்ற ஆங்கில வேரைவிட இது எவ்வளவோ பொருந்துகிறது.

அப்படியானால் தனித்தமிழில் இதற்குச் சொல்லே கிடையாதா? இருக்கிறது. தொல்காப்பியத்தில் வெட்சித்திணை பகைவரின் ஆநிரையைக் கவர்வதைப் பற்றியது. படை கிளம்பியதும் ஒற்றர்கள் முன்னால் போய், மாடுகள் எங்கே நிற்கின்றன, காவல் எவ்வளவு என்று பார்த்து வர வேண்டும். அந்தத் துறைக்குப் பெயர் 'வேய்'. "ஒற்றின் ஆகிய வேயே" என்பது நூற்பா. இன்றும் நாம் சொல்லும் 'வேவு பார்ப்பது' அந்த வேயிலிருந்து வந்ததுதான். ஸ்கௌட் என்பதன் பழைய படைப்பொருளுக்கு நேர் நிகர் வேண்டுமென்றால் வேய்தான், சாரணர் அல்ல. வேய்க்கு மூங்கில் என்றும் பொருள் உண்டு. பிள்ளைகள் கையில் மூங்கில் கோலோடு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆனாலும் சாரணரை மாற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து. வேவுகாரர், ஒற்றர் என்பவை இன்றைய பேச்சில் ஒளிந்து செய்யும் வேலையின் சொற்கள். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் கேட்பதும் அதைத்தான்: துறவி வேடத்தில் போய் ஆராய்ந்து, பிடித்து என்ன செய்தாலும் வாய் திறக்காதவனே நல்ல ஒற்றன். கடவுளையும் நாட்டையும் முன்வைத்து, பிறருக்கு உதவுவேன் என்று கொடியின் முன் உரக்க உறுதிமொழி சொல்லும் பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது.

இயக்கம் இந்தியாவில் காலூன்றியதே நம் ஊரில்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1909-இல் பிஷப் காட்டன் பள்ளியில் கேப்டன் டி. எச். பேக்கர் முதல் குழுவைத் தொடங்கினார். ஆனால் அந்த நாளில் அது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே. 1916-இல் மதராஸில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்காகத் தனிச் சங்கம் தொடங்கினார்கள். நம் பிள்ளைகள் உள்ளே வந்த பிறகுதானே நம் மொழியில் சொல்லும் தேவைப்படும்? பல சங்கங்கள் ஒன்றாகி 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தார்கள்.

சாரணியர் என்பது தமிழ் எடுத்த நல்ல முடிவு. ஆங்கிலத்தில் பெண்பிள்ளைகளுக்கு 'கைடு' என்று வேறு பெயர். பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த கைட்ஸ் என்ற படைப்பிரிவின் பெயரைப் பேடன் பவல் எடுத்துக்கொண்டார். அதை வழிகாட்டி என்று பெயர்த்திருந்தால் பையன் ஒன்று, பெண் வேறொன்று என்று ஆகியிருக்கும். தமிழில் இருவருக்கும் ஒரே சொல், விகுதி மட்டும்தான் வேறு.

சிறியவர்களுக்கான பெயரில் என்னைக் கவர்ந்தது 'குருளையர்'. ஆங்கிலத்தில் அவர்கள் 'கப்', ஓநாய்க்குட்டிகள். நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிக்குக் குருளை என்று பெயர், நரிக்கும் அப்படியே சொல்லலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். நாயும் நரியும் வந்த பட்டியலில் ஓநாய்க்கும் இடம் உண்டுதானே? சிறுமியர் நீலப்பறவையர், அவர்களை இப்போது 'புல்புல்' என்றே பெரும்பாலும் அழைக்கிறார்கள். பெரியவர்கள் திரிசாரணர். இதில் 'திரி'யை மூன்று என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ரோவர்' என்றாலே சுற்றித் திரிபவர். ஆகவே இது நம் 'திரிதல்'தான், சுடுசோறு போல ஒரு வினைத்தொகை.

பல ஊர்ச் சாரணர்கள் கூடும் பெரிய முகாமான ஜாம்பூரிக்குத் தமிழில் பெருந்திரளணி. 2022 டிசம்பரில் மூடபித்ரியில் நடந்தபோது கர்நாடகம் முழுக்க ஜாம்பூரி என்றே பேச்சு. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் பாரத சாரண இயக்கத்தின் வைரவிழா ஜாம்பூரி தொடங்கியபோது தமிழ்ச் செய்திகளில் எல்லாம் பெருந்திரளணி. நீளம்தான், ஆனாலும் சொன்ன உடனே கூட்டம் கண்ணில் தெரிகிறது. முகாமுக்குப் பாசறை என்ற சொல்லும் உண்டு. அது சங்க இலக்கியத்தில் அரசன் போருக்குப் போய்த் தங்கும் இடம். மேடையில் பாசறை நன்றாக இருக்கும். அம்மாவிடம் பணம் கேட்கும்போது 'கேம்ப்' என்றுதான் வரும். அதில் குறையொன்றும் இல்லை.

சரி, குழுவில் பிள்ளைகள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள்? கொடிப்பாட்டு இந்தியில், வரிசை ஆணை ஆங்கிலத்தில், சண்டை தமிழிலும் கன்னடத்திலும். ஆசிரியர் 'சார்', அணித்தலைவர் 'அண்ணா' அல்லது 'அக்கா'. சாரணர்கள் இடது கையால் கைகுலுக்குவார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் அதை வீட்டில் செய்துகாட்டினால், "பெரியவங்களுக்கு இடது கையையா நீட்டுவ?" என்று பாட்டி அதட்டுவார். அவருக்கு விளக்கிச் சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

வேய் என்ற பழைய சொல் உயிரோடு இருக்கும் இடம் ஒரு விளையாட்டு. 'கிம்ஸ் கேம்' என்பார்கள். தட்டில் இருபது முப்பது சிறு பொருள்களைப் பரப்பித் துணியால் மூடி வைப்பது வழக்கம்: ஊக்கு, புளியங்கொட்டை, நம்ம மெட்ரோ டோக்கன், உடைந்த பென்சில், ஏலக்காய், சட்டைப் பொத்தான். ஒரு நிமிடம் துணியை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். பிறகு நினைவிலிருந்து எழுத வேண்டும். பொத்தானில் எத்தனை துளை என்று கேட்டால், அதையும் சொல்கிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். வெட்சி மறவன் மாட்டையும் காவலையும் கணக்கெடுத்து வந்தது இந்தக் கண்ணால்தான்.

மூங்கிலும் கயிறும் வைத்துப் பாலம், கோபுரம் கட்டுவதை 'பயனியரிங்' என்கிறார்கள். இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். பெங்களூரில் கட்டிட வேலை செய்யும் நம் ஊர் மேஸ்திரியிடம் கேட்டால், இது சாரக்கட்டு என்பார். கழியில் முடிச்சுப் போட்டு நிறுத்தி, குறுக்கும் நெடுக்கும் சுற்றி, இரண்டு கழிக்கும் நடுவே நெரித்து இறுக்கும் அதே கைவேலைதான். அப்படி ஒருவரைக் கூட்டி வந்து பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னால் எந்தப் புத்தகப் படத்தையும்விட நன்றாகப் புரியும். சாரம், சாரணர் என்று காதில் ஒத்துக் கேட்பது தற்செயல், இரண்டுக்கும் உறவில்லை.

எழுதும்போது கவனிக்க: சாரணர் என்பதில் 'ண'தான், 'ன' அல்ல. பேச்சில் ஸ்கௌட் என்றே இருக்கட்டும். பெற்றோருக்கு அனுப்பும் தமிழ் அறிவிப்பில் இப்படி எழுதிப் பாருங்கள், யாருக்கும் புரியாமல் போகாது: "சாரணர், சாரணியர், குருளையர் அனைவரும் ஞாயிறு காலை சீருடையுடன் வரவும். சாரக்கட்டுப் பயிற்சி உண்டு. தண்ணீர் பாட்டிலும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தனுப்பவும்."