நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு அறளை பெயர்வதில்லை

சென்ற காலபோக அறுவடை நாட்களில், முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து எண்பதை நெருங்கிய தாயொருவரை மகள் எங்கள் வைத்தியசாலை விடுதிக்குக் கொண்டுவந்தார். “அம்மாவுக்கு அறளை பேந்திட்டுது டொக்டர், மூண்டு நாளா ஒரே அலம்பல்” என்றார். ஆச்சி கட்டில் விரிப்பின் ஓரத்தை விரல்களால் இடைவிடாமல் கிள்ளிக்கொண்டிருந்தார். எப்போதோ இறந்துபோன கணவரைப் பார்த்து, “மாட்டை அவிட்டுக் கட்டுங்கோ” என்றார். போன கிழமை எப்படி இருந்தார் என்று மகளிடம் கேட்டேன். “போன கிழமை நெல்லுக் காயப்போட்டவ, மூட்டைக் கணக்கும் அவதான் பாத்தவ.”

நோயைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது அந்தப் பதில்தான். அறளை பெயர்தல் என்னும் முதுமை மறதி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. மூட்டைக் கணக்குப் பார்த்தவர் மூன்று நாளில் இப்படி ஆனால், அது உடலின் வேறெங்கோ தொடங்கிய நோய் மூளையைக் குழப்பும் நிலை. நம் முன்னோர் இதைச் சன்னி என்றார்கள். ஆச்சிக்குப் பெரிய காய்ச்சல் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில்தான் தொற்று தெரிந்தது.

கிருமி இருந்தது சிறுநீர்ப்பையில். அது மூளைக்குள் போகவே இல்லை. அப்படியிருக்க மூளை ஏன் குழம்பியது என்பதை, உறவினர்கள் கேளாவிட்டாலும் நான் விளக்குவதுண்டு. கிருமியைக் கண்ட நிர்ப்பீடனக் கலங்கள் (நோயெதிர்ப்புக் கலங்கள்) இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. மூளையிலுள்ள இரத்தக் குழாய்களின் சுவர் எல்லாவற்றையும் உள்ளே விடாத காவல் வேலி என்றாலும், அந்தச் சுவரிலுள்ள கலங்களே இந்தச் செய்தியை வாங்கி உட்புறமாகக் கடத்துகின்றன. வயிற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பும் தன் பங்குக்குச் சொல்லிவிடுகிறது. உள்ளே அதை ஏற்றுக்கொள்பவை மைக்ரோகிளியா என்ற கலங்கள். 1919 இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்தேகா இவற்றைத் தனிவகைக் கலங்களாக அடையாளம் கண்டார். மூளைக் கலங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கான இவை, மூளையிலேயே குடியிருக்கும் நிர்ப்பீடனக் கலங்கள். நரம்புக் கலங்களின் இணைப்புகளைத் தொட்டுத் தடவிப் பார்த்தபடியே இருப்பவை.

இளைஞர் ஒருவருக்கு இந்தச் செய்தி மூளையை எட்டினால் காய்ச்சல், அசதி, பசியின்மை, ஒருவரோடும் பேசப் பிடிக்காமை ஆகியவை வரும். இவை உடலை ஓய்வில் வைத்துக் கிருமியோடு போராட விடும் நல்ல ஏற்பாடுகள். முதுமையிலோ மைக்ரோகிளியா ஏற்கெனவே பாதி விழிப்பில் இருக்கும் காவல்நாய் போன்றவை. சிறு சத்தத்துக்கும் பெரிதாகக் குரைக்கும். அவை வெளிவிடும் அழற்சிப் பொருட்கள் நரம்புக் கலங்கள் தமக்குள் பேசும் பேச்சைக் குழப்புகின்றன. கவனத்துக்குத் தேவையான அசற்றைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையும் தடுமாறுகிறது. இதனால்தான், சளிக்கும் சொறிக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற, அதே பொருளைத் தடுக்கும் குளிசைகளை இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். அலம்பலை அடக்கவென்று வீட்டில் கொடுக்கும் நித்திரைக் குளிசையும் கூடாது.

அலம்புபவரையாவது கொண்டுவருகிறார்கள். சுருண்டு படுத்து, சாப்பாட்டை வாயில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிடுபவரை, “ஆச்சி நல்ல நித்திரை” என்று விட்டுவிடுகிறார்கள். நான் அதிகம் அஞ்சுவது இந்த அமைதியான வகைக்குத்தான். கிழமை நாட்களை ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் இடையில் தொலைந்துபோனால், அல்லது காலையில் தெளிவும் இரவில் குழப்பமுமாக மாறி மாறி இருந்தால், அன்றே கொண்டுவர வேண்டும். இந்நிலை நீண்டால் பின்னாளில் உண்மையாகவே மறதிநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது.

நிர்ப்பீடனம் நேரடியாக மூளையையே தாக்கும் நோய்களும் உண்டு. இருபதுகளில் இருந்த பெண்ணொருவர் நித்திரையின்றி, இல்லாத குரல்களைக் கேட்பதாகச் சொன்னார். வீட்டார் கோயிலில் நூல் கட்டினார்கள். அவர் 2009 இல் தமையனை இழந்தவர் என்று அறிந்ததும், யுத்தத்தின் துயரம் என்று நானும் எழுதிவிட்டேன். வலிப்பு வந்து, வாயும் கையும் தாமாக அசையத் தொடங்கிய பிறகே வேறு திசையில் சிந்தித்தேன். 2007 இல் விவரிக்கப்பட்ட இந்த மூளை அழற்சியில், உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகள் என்ற எதிர்ப்புப் புரதங்கள், நரம்புக் கலங்களின் மேலிருந்து செய்தி வாங்கும் என்எம்டிஏ வாங்கிகளில் ஒட்டி, அவற்றைக் கலத்துக்குள் இழுக்கச் செய்கின்றன. கலம் இறப்பதில்லை, வாங்கிகள்தான் மேற்பரப்பிலிருந்து மறைகின்றன. எனவே நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் சிகிச்சையைத் தொடங்கினால் பெரும்பாலானோர் மீள்கிறார்கள். சிலரில் சூலகக் கட்டியொன்றே இதைத் தூண்டியிருக்கும். அதை அகற்றவும் வேண்டும். அந்தப் பெண் மீண்டார், ஆனால் என் எழுத்தால் அவர் இழந்த வாரங்கள் அவருடையவை.

வன்னியில் துயரம் இல்லாத வீடு அரிது. அந்தத் துயரம் உண்மையானது, சிகிச்சைக்குரியது. ஆயினும் காய்ச்சல், வலிப்பு, தடுமாறும் நடை, ஒரு சில நாளில் தலைகீழான குணம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும், துயரம் என்று முடிவெடுக்குமுன் இரத்தத்தையும், தேவையானால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரையும் பார்க்க வேண்டும்.

முத்தையன்கட்டுக் குளத்துக்கு உட்புறமான ஊர்களிலிருந்து ஏ9 வீதிக்கு வருவதே பாடாக இருப்பது எனக்குத் தெரியும். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வரும்போது கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் எடுத்து வாருங்கள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும், ஏனெனில் எந்த நாளிலிருந்து மாற்றம் என்பதை அவரால்தான் சொல்ல முடியும். மூக்குக்கண்ணாடியையும் மறக்க வேண்டாம். கண் தெளிவாகத் தெரியாத குழம்பிய முதியவருக்கு எங்கள் விடுதியின் இரவு இன்னும் பயங்கரமானது. ஐந்தாம் நாள் காலை, ஆச்சி தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளிடம் கேட்டார்: “மழை வரப்போகுது, நெல்லை ஆர் அள்ளினது?”